15-ஆம் தேதிப் பணமும் ஒரு கான்கிரீட் தளமும்

வேம்பாருக்கு நான் போனது முத்துச் சலாபம் பற்றிக் குறிப்பு எடுக்க. திரும்பி வரும்போது என் நோட்டில் இருந்தது ஒரு சீட்டுக் கணக்கு. அதனால் இந்தக் கட்டுரை முத்து வழியாகச் சுற்றி வந்துதான் வீட்டுக்குள் நுழையும். கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

ஊர் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. தூத்துக்குடியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சாயல்குடி பக்கம் போனால், மாவட்டம் முடியப்போகிற இடத்தில் வருவது வேம்பார். விளாத்திகுளம் தாலுகா. முத்துக்குளித்துறையில் பரதவர்களின் பழைய ஏழு பெருந்துறைகளை எண்ணும்போது வடக்கேயிருந்து முதலில் வரும் பெயர் இதுதான். அடுத்தது வைப்பார், அப்புறம் தூத்துக்குடி, புன்னைக்காயல் என்று தெற்கே மணப்பாடு வரைக்கும் போகும். எதிரே கடலில் உப்புத்தண்ணி, புளுவினிச்சல்லி, நல்லதண்ணி என்று மூன்று தீவுகள். மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவில் இவற்றுக்கு வேம்பார் தீவுக்கூட்டம் என்றே பெயர். நிலத்துப் பக்கம் திரும்பினால் பனை. வேம்பார் கருப்பட்டியைக் கேள்விப்படாதவர்கள் தென்மாவட்டத்தில் குறைவு.

ஆக, ஊருக்கு இரண்டு பிழைப்பு. கடல், பனை. இரண்டுமே பருவத்துக்குக் கட்டுப்பட்டவை. இரண்டிலும் வேலைக்கு முன்னாலேயே முன்பணம் வாங்கி, வேலை முடியும்போது அதைக் கழிப்பது பழைய வழக்கம். இந்த முன்பண விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

நான் முதலில் கவனித்தது கம்பிகளை. பாதி வீடுகளின் தளத்துக்கு மேலே, தூண் தலைகளிலிருந்து துருப்பிடித்த கம்பிகள் ரெண்டடி நீட்டிக்கொண்டு நிற்கின்றன. சில வீடுகளில் உப்புக்காற்று தின்னாமலிருக்கச் சிமெண்ட் பால் பூசியிருக்கிறார்கள். வெளியூர்க்காரன் கண்ணுக்கு வேலை பாதியில் நின்ற வீடு மாதிரி தெரியும். குடியிருப்பவர்கள் அப்படிச் சொல்வதில்லை. "மேல இன்னும் எடுக்கணும்லா" என்பார்கள். எப்போது என்று கேட்டால் சிரிப்பு.

நான் போய் உட்கார்ந்த வீட்டில் மூன்று காலம் ஒன்றாக இருந்தது. முன்னறைக்குக் கான்கிரீட் தளம், புதுசு. நடு அறைக்கு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். பின்னால் சமையல்கட்டுக்குப் பனையோலை. வீட்டுக்கார அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். கருவாடு போடுகிறவர், கணவர் வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறவர். இவரை அந்தத் தெருவில் எல்லாரும் சீட்டு அக்கா என்றே கூப்பிடுகிறார்கள். பெயர் எழுதக்கூடாது என்று சொல்லிவிட்டார், எழுதவில்லை. அவருடைய மாமனாரின் அப்பா சங்கு குளித்தவர் என்று யாரோ சொல்லித்தான் நான் அங்கே போனேன். அதைப் பற்றி அவருக்கு அதிகம் தெரியவில்லை. தளம் போட்ட கதையைத்தான் சொன்னார்.

அதற்கு முன் முத்து.

முத்துக் குளிப்பு என்றாலே கொள்ளைப் பணம் என்ற நினைப்பு நமக்கு இருக்கிறது. பணம் வந்தது உண்மை. எப்போது வந்தது என்று பார்த்தால்தான் விஷயம் புரியும். தூத்துக்குடிக் கரையில் 1830-ல் ஒரு சலாபம் நடந்தது. அதற்குப் பிறகு சிப்பிப் பார்களைப் பல தடவை சோதித்துப் பார்த்தும் 1860 வரை ஒன்றும் இல்லை. 1860-லிருந்து 1862 வரை நடந்தது. அடுத்தது 1889. அந்த 1889 சலாபத்தை நேரில் பார்த்து எழுதியவர் சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன். பிறகு 20-ஆம் நூற்றாண்டில் 1900, 1908, 1914 என்று தள்ளித் தள்ளி. 1926 முதல் 1928 வரை தொடர்ந்து. அப்புறம் 1955 வரை காத்திருப்பு. 1955-லிருந்து 1961 வரை வருடா வருடம் நடந்து, 1961-ஓடு நின்றே போனது. 1862-க்கும் 1889-க்கும் நடுவில் 27 வருடம், 1928-க்கும் 1955-க்கும் நடுவிலும் அதே 27 வருடம். ஒருத்தன் பிறந்து, கல்யாணம் கட்டி, பிள்ளை பெறும் காலம். அது வரைக்கும் ஒரு சலாபம்கூடப் பார்க்காமல் ஒரு 'முத்துக்குளிகாரன்' இருந்திருக்க முடியும்.

நடந்தபோதும் கணக்கு எப்படி? கொண்டு வந்த சிப்பியை மூன்று பங்காகப் பிரிப்பார்கள். இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளித்தவர்களுக்கும் படகுக்கும். அந்த ஒரு பங்கையும் திறந்து பார்க்காமலே கரையில் வியாபாரியிடம் விற்றுவிடுவார்கள் பெரும்பாலும். உள்ளே முத்து இருந்தால் வியாபாரிக்கு யோகம். இந்தப் பணத்துக்காக ஏற்கனவே கடைக்காரரும் வட்டிக்காரரும் காத்திருப்பார்கள். பல வருடக் கடன் ஒரு பருவத்தில் அடையும், இல்லையென்றால் கொஞ்சம் குறையும். வீடு கட்ட எங்கே மிஞ்சும்?

அதனால்தான் இந்தக் கரை நெடுக ஒரு வினோதம். கோயில்கள் கல்லும் சுண்ணாம்புமாக உயர்ந்து நிற்கும். அதைச் சுற்றி ஓலை வீடுகள் இருந்திருக்கும். மணப்பாடு திருச்சிலுவைக் கோயில் 1581. தூத்துக்குடி பனிமய மாதா கோயில் 1713. இதைப் பக்தி என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிடலாம். நான் இன்னொன்றையும் பார்க்கிறேன். மீன்பாட்டிலிருந்து கோயிலுக்கு என்று ஒரு பங்கு ஒதுக்குவது கரையூர்களின் பழக்கம். மடி நிறைந்தாலும் குறைந்தாலும் அந்தச் சின்னப் பங்கு போய்க்கொண்டே இருக்கும், பொதுவாக ஒருவர் பொறுப்பில் சேர்ந்துகொண்டே இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக வரும் பணத்தைச் சிதறாமல் தேக்கி வைத்துப் பெரிய கட்டடம் எழுப்பும் வித்தை இந்த ஊர்களுக்குத் தெரியாததல்ல. தனி வீட்டுக்கு அப்படித் தேக்கி வைக்க ஒரு வரத்து இல்லை, அவ்வளவுதான்.

சுவருக்குக் கல்லும் பக்கத்திலேயே இருந்தது. தீவுகளைச் சுற்றியுள்ள பவளப்பாறையை வெட்டி எடுத்து, கல்லாகவும் சுண்ணாம்பாகவும் தூத்துக்குடிப் பக்கம் பல பத்தாண்டுகள் பயன்படுத்தினார்கள். விளைவு தெரிந்ததே: மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி இரண்டும் தண்ணீருக்குள் போய்விட்டன. 2001-ல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தன. 2005 வாக்கில் வெட்டுவது நின்றது. இப்போது எல்லாருக்கும் ஹாலோபிளாக்தான்.

ஓலை வீடு மலிவு என்று நினைப்பது தப்பு. பனங்கை நிற்கும், வரிச்சும் நிற்கும். ஓலை நிற்காது. மூன்று வருடத்துக்கு ஒரு தடவையாவது மாற்ற வேண்டும், இல்லையென்றால் ஐப்பசி மழையில் வீட்டுக்குள் குடை பிடிக்கணும். ஓலைக்குப் பணம், கட்டுகிற ஆளுக்குக் கூலி. ஏழை வீடுதான் வீட்டுக்கு வாடகை மாதிரி செலவு வைத்துக்கொண்டே இருக்கிறது. வாழ்நாள் முழுக்க மாற்றிய ஓலையின் விலையைக் கூட்டினால் ஒரு தளம் வந்துவிடும் என்று அக்கா சொன்னார். கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை, ஆனால் நம்புகிறேன்.

இனி, தேதி தெரிந்து வரும் பணத்தின் கதை. இது இங்கே ரொம்பப் பழையதல்ல. 1962 ஏப்ரலில் சென்னை மாகாணத்தில் முதியோர் ஓய்வூதியம் தொடங்கியபோது மாதம் 20 ரூபாய். 2011-ல் அது 1,000 ஆகி, 2023-ல் 1,200 ஆனது. மீனவர்களுக்கு 1990-களின் தொடக்கத்தில் சேமிப்பு மற்றும் நிவாரணத் திட்டம் வந்தது. இன்றைய கணக்குப்படி மீனவர் 1,500 ரூபாய் கட்டினால், மத்திய அரசு 1,500, மாநில அரசு 1,500 சேர்த்து 4,500 ஆகத் திரும்பி வரும், தொழில் குறைந்த மாதங்களில். மீனவப் பெண்களுக்கும் பிறகு இதே மாதிரி வந்தது. அரசாங்கம் நடத்தும் சீட்டு என்று இதைச் சொல்லலாம், தப்பில்லை.

2001-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. மீன் இனப்பெருக்கத்துக்காக ஏப்ரல் 15-லிருந்து 45 நாள் விசைப்படகுகள் போகக்கூடாது. 2017-லிருந்து அது 61 நாள், ஜூன் 14 வரை. அதற்கான நிவாரணம் முதலில் சில நூறுகளாக இருந்து, 2,000 ஆகி, 5,000 ஆகி, 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் 8,000 என்று அறிவிக்கப்பட்டது. வடகிழக்குப் பருவமழையில் தொழில் குறையும் காலத்துக்குத் தனியாக ஒரு தொகை உண்டு. அது 4,000-ல் இருந்து 6,000 வரை வந்திருக்கிறது. கடைசியாக 2023 செப்டம்பர் 15, காஞ்சிபுரத்தில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை. மாதம் 1,000, ஒரு கோடியே ஆறு லட்சம் பெண்களுக்கு, அவர்கள் வங்கிக் கணக்கிலேயே.

எல்லாத்துக்கும் தகுதியுள்ள ஒரு குடும்பத்துக்குக் கூட்டிப் பார்த்தேன். தடைக்காலம் 8,000. மழைக்காலம் 6,000. சேமிப்பு நிவாரணத்தில் தாங்கள் கட்டியது போக ஆணுக்கு 3,000, பெண்ணுக்கு 3,000. உரிமைத் தொகை 12,000. வருடத்துக்கு 32,000 ரூபாய். ஒரு நாளைக்கு 88 ரூபாய் கூட ஆகவில்லை.

இந்த இடத்தில் ஒரு வாக்குமூலம். உரிமைத் தொகை தொடங்கியபோது, "1,000 ரூபாயில என்ன ஆகிடப்போகுது, டீவி ரீசார்ஜுக்குப் போகும்" என்று டீக்கடையில் பேசியவர்களில் நானும் ஒருத்தன். விலைவாசி தெரிந்த ஆள் மாதிரி பேசினேன். 1,000 ரூபாய் என்றால் ரெண்டரை மூட்டை சிமெண்ட். அதையும் வாங்கி வைக்க முடியாது. கடற்கரைக் காற்றில் சிமெண்ட் மூட்டை சில வாரத்தில் கல்லாகிவிடும். ஆக என் பேச்சில் ஒரு பாதி சரி. மீதிப் பாதியைத்தான் அக்கா நோட்டு காட்டியது.

வீடு கட்டும் வேலையைக் கொஞ்சம் கவனியுங்கள். சுவர் அவசரப்படுத்தாது. ஐம்பது ஹாலோபிளாக் வாங்கலாம், ஒரு வரிசை வைக்கலாம், நிறுத்தலாம். அடுத்த பணம் வரும்போது அடுத்த வரிசை. இந்த வீட்டுச் சுவர் அப்படித்தான் பல வருடமாக ஏறியிருக்கிறது. எந்த மழைக்காலப் பணத்தில் ஜன்னல் மட்டம் வந்தது, எந்தத் தடைக்காலத்தில் லிண்டல் போட்டது என்று அக்கா சுவரைத் தொட்டுச் சொல்கிறார். கல் நிறம் மாறுகிற இடத்தை வைத்து நானே கண்டுபிடிக்க முடிந்தது.

தளம் அப்படி இல்லை. கான்கிரீட்டைத் துண்டு துண்டாக ஊற்ற முடியாது. இன்றைக்குப் பாதி, அடுத்த மாதம் பாதி என்று போட்டால் ஒட்டாது, ஒட்டிய இடத்தில் ஒழுகும், கம்பி துருப்பிடிக்கும், பத்து வருடத்தில் பெயர்ந்து விழும். சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி, விடியக்காலையில் தொடங்கினால் ஒரே நாளில் முடித்தாக வேண்டும். 20-க்கு 12 அடி அறைக்குச் சுமார் 20 மூட்டை சிமெண்ட், கால் டன்னுக்குக் கொஞ்சம் குறைய கம்பி, ஜல்லி, எம்-சாண்ட், கலவை மிஷின் வாடகை, கொத்தனார், சித்தாள், அன்றைக்கு மத்தியானம் எல்லாருக்கும் சோறு. எல்லாம் ஒரே நாளில் பணமாக இருக்க வேண்டும். மாதாமாதம் சொட்டுகிற பணத்துக்குச் சுவர் வரைக்கும்தான் தெம்பு. அதனால்தான் ஊர் ஊராகச் சுவர் ஏறி, ஷீட் போட்டு, அதோடு நிற்கிற வீடுகளைப் பார்க்கிறோம்.

இதே சங்கதியைக் கென்யாவில் அளந்து பார்த்திருக்கிறார்கள். ஹவுஷோஃபர், ஷாப்பிரோ என்ற இரண்டு பொருளியலாளர்கள் அங்கே ரரியேடா என்ற பகுதியில் செய்த ஆய்வு 2016-ல் வெளிவந்தது. 'கிவ்டைரக்ட்லி' என்ற தொண்டு நிறுவனம் நிபந்தனையில்லாமல் பணம் கொடுத்தது. கூரை வேய்ந்த வீட்டுக்காரர்களுக்கு மட்டும். சிலருக்கு மொத்தமாக, சிலருக்கு மாதாமாதம். மாதாமாதம் வாங்கியவர்கள் வீட்டில் சாப்பாடு மேம்பட்டது. மொத்தமாக வாங்கியவர்கள் தகரக் கூரை போன்ற நிலைத்த பொருள்களில் போட்டார்கள். படித்தபோது, "அப்போ நம்ம ஊர் மாதத் தொகை வீடாகாது" என்றுதான் நானும் குறித்து வைத்தேன்.

அந்தக் குறிப்பை வேம்பாரில் திருத்த வேண்டி வந்தது. மாதப் பணத்தை மொத்தப் பணமாக மாற்றுகிற இயந்திரம் நம் ஊரில் தெருவுக்குத் தெரு இருக்கிறது. சீட்டு.

அக்காவின் சீட்டு ரொம்ப எளிமையானது. ஏலம் கிடையாது, தள்ளு கிடையாது; குலுக்கல். 20 பேர், ஆளுக்கு 1,000, 20 மாதம். மாதம் ஒருத்தருக்கு 20,000. சீட்டு நாள் 16-ஆம் தேதி. ஏன் 16 என்று கேட்டேன்.

"15-ஆம் தேதி ஏறிருதுல்லா தம்பி. அன்னைக்கு எடுக்கலன்னா அடுத்த நாளு கைல இருக்காது."

முன்னாலும் சீட்டு நடத்தியிருக்கிறார். அப்போது சீட்டு நாள் அமாவாசை, பௌர்ணமி பார்த்து, கடல் பார்த்து மாறும். மீன் இல்லாத வாரம் பாதிப் பேர் கட்ட மாட்டார்கள். "யக்கா, இந்த வாரம் பாடு இல்ல" என்றால் என்ன சொல்ல முடியும், அவருக்கும் தெரியும் பாடு இல்லை என்று. சீட்டு எடுத்தவர் கட்டாமல் போனால் இவர் கையிலிருந்து போட வேண்டும். ஒரு தடவை அப்படி மாட்டி, தாலிக்கொடியை அடகு வைத்து மற்றவர்களுக்குக் கொடுத்திருக்கிறார். அதோடு விட்டுவிட்டார். மறுபடி தொடங்கியது 2023 அக்டோபரில், உரிமைத் தொகை ஒரு மாதம் ஒழுங்காக ஏறியதைப் பார்த்த பிறகு.

"கடலை நம்பிச் சீட்டு போட முடியாது தம்பி. தேதியை நம்பித்தான் போட முடியும்."

முத்துப் பணத்திலும் மீன் பணத்திலும் தொகை பெரிசாகவே இருந்திருக்கலாம். தேதி இல்லை. தேதி இல்லாத பணத்தின் மேல் கடன் வாங்கலாம், அதுதான் முன்பணம். கொடுக்கிறவன் சொல்கிற விலைக்கு மீனையோ பதநீரையோ கொடுத்துக் கழிக்க வேண்டும். தேதி தெரிந்த பணத்தை வைத்து அக்கம்பக்கத்துப் பெண்களே ஒருத்தருக்கொருத்தர் வட்டியில்லாமல் முன்பணம் கொடுத்துக்கொள்ள முடிகிறது. 1,000 ரூபாய் செய்த வேலை இதுதான் என்று எனக்குப் படுகிறது.

அக்கா இரண்டு பங்கு போட்டிருந்தார். ஒன்று உரிமைத் தொகையிலிருந்து, இன்னொன்று கருவாட்டுக் காசிலிருந்து. இரண்டு சீட்டும் சேர்த்து 40,000. அந்த வருடத் தடைக்கால நிவாரணம் 8,000. மீதிக்குக் கம்மல் அடகு. தளத்துக்கு மொத்தம் சுமார் 55,000 ஆனதாகச் சொன்னார். தளம் போட்ட அன்றைக்கு மீன் குழம்பு வைக்கவில்லையாம், கோழி. "வீட்டுக்கு மேல நின்னு பாத்தா கடலு தெரியுது. இத்தன வருசம் இருந்தும் வீட்டுலருந்து கடலைப் பாத்ததில்ல" என்றார் கணவர். ஓலைமேல் யார் ஏறி நிற்பார்கள்.

அரசு நேரடியாகவே வீடு கட்டிக் கொடுக்கிறதே, அது போதாதா என்று கேட்கலாம். இந்திரா குடியிருப்புத் திட்டம் 1985-லிருந்து உண்டு. 2016-லிருந்து அது பிரதமர் பெயரில். தமிழ்நாட்டில் 2024-ல் கலைஞர் கனவு இல்லம் வந்தது, 360 சதுர அடி, வீட்டுக்கு மூன்றரை லட்சம், 2030-க்குள் எட்டு லட்சம் வீடு என்று இலக்கு. அக்கா வாங்கிய எந்தத் தொகையையும் விட இது பல மடங்கு. ஆனால் வாசலில் ஒரு கேள்வி நிற்கிறது: பட்டா இருக்கா? கடற்கரையூர்களில் தலைமுறையாகக் குடியிருக்கிற பல இடம் புறம்போக்கு. அக்கா வீடும் அப்படித்தான். உரிமைத் தொகைக்கும் தடைக்கால நிவாரணத்துக்கும் யாரும் பட்டா கேட்கவில்லை. அதனால் வீட்டுத் திட்டத்தில் கிடைக்காத வீடு, வீட்டுக்கென்று கொடுக்காத பணத்தில் எழும்பியிருக்கிறது.

இது நல்ல செய்தி மட்டும் இல்லை என்பதையும் சொல்லணும். 55,000 ரூபாய்த் தளம் காகிதம் இல்லாத மண்மேல் நிற்கிறது. ஓலை வீடாக இருந்தால் கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம். தளத்தை எங்கே கொண்டு போவது?

மண்ணுக்குக் காகிதம் கொடுத்துவிட்டு, வீட்டை மக்களிடமே விட்ட ஒரு பரிசோதனை தமிழ்நாட்டிலேயே நடந்திருக்கிறது. 1977-ல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய சென்னை நகர வளர்ச்சித் திட்டத்தில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் பகுதிகளில் சின்னச் சின்ன மனைகளாகப் பிரித்து, தெரு, தண்ணீர், கழிவுநீர் இணைப்பு கொடுத்தார்கள். வீட்டை அவரவர் கையில் காசு வரும்போது கட்டிக்கொள்ள வேண்டியது. அந்தக் காலத்தில் பல நிபுணர்கள் இதைத் தோல்வி என்றே எழுதினார்கள். மனைகள் காலியாகக் கிடக்கின்றன, குடிசைதான் இருக்கிறது என்று. இருபது வருடத்துக்கும் மேல் கழித்து உலக வங்கி ஆய்வாளர்களே திரும்பிப் போய்ப் பார்த்தபோது அந்த இடங்கள் மாடி மாடியாக நிறைந்த தெருக்களாகியிருந்தன. நிபுணர்கள் திட்ட அறிக்கையின் தேதிக்குள் வீட்டை எதிர்பார்த்தார்கள். வீடு கட்டியவர்கள் தங்கள் வருமானத்தின் தேதியில் கட்டினார்கள்.

வேம்பாருக்கு நேர் எதிர்க்கரை மன்னார். அங்கேயும் ஒரு பாடம் இருக்கிறது. போருக்குப் பிறகு இந்திய அரசின் உதவியில் 50,000 வீடு என்ற திட்டத்தில், 2012 அக்டோபர் 2-ல் தொடங்கிய பெரிய கட்டத்தில், வட, கிழக்கு மாகாணங்களில் வீட்டுக்காரர்களே கட்டிக்கொள்ளும்படி புது வீட்டுக்கு 5,50,000 இலங்கை ரூபாய் தவணை தவணையாக அவர்கள் வங்கிக் கணக்கிலேயே போட்டார்கள். அடுத்த தவணை வர முந்தின வேலை முடிந்திருக்க வேண்டும். விலைவாசி ஏறியபோது, வேலையை முடிக்கவும் கொஞ்சம் பெரிசாகக் கட்டவும் கடன் வாங்கி, நகை வைத்து மாட்டியவர்கள் உண்டு. தவணை வருவதற்கு முன்னால் செலவழிக்கக் கையில் பணம் உள்ளவனுக்கு அந்த முறை சுலபம். இங்கேயும் தொகுப்பு வீடு வாங்கியவர்கள் அதே கதையைச் சொல்வார்கள்.

சீட்டை நான் ரொம்பப் புகழ்ந்துவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது. பதிவில்லாத சீட்டு, 1982-ஆம் வருடச் சிட் ஃபண்ட் சட்டப்படி செல்லாது. நடத்துகிறவர் ஊரை விட்டுப் போய்விட்டால் யாரிடமும் போய் நிற்க முடியாது. என் வீட்டிலேயே ஒரு சித்தி அப்படி ஏமாந்தவர். வெளியே சொல்லாமலே பத்து வருடம் இருந்தார். அக்கா தெருவில் இது நடக்காததற்குக் காரணம் அவர் நேர்மை ஒன்றுதான். இன்னொன்று, தேதி தவறினால் எல்லாம் தவறும். தடைக்கால நிவாரணம் தடை முடிந்து படகு இறங்கிய பிறகு வந்த வருடங்கள் இருந்திருக்கின்றன. 1962-ல் 20 ரூபாய்க்கு இருந்த மதிப்பை நினைத்தால், இந்த 1,000 இன்னும் பத்து வருடத்தில் எத்தனை மூட்டை சிமெண்ட் வாங்கும் என்பதும் கேள்விதான். 2023-லேயே ரெண்டரை மூட்டைதான்.

எல்லாரும் வீடா கட்டுகிறார்கள் என்றால் இல்லை. அந்த 20 பேரில் என்ன செய்தார்கள் என்று அக்காவிடம் கேட்டுக் குறித்துக்கொண்டேன். பிள்ளைக்கு நர்சிங் காலேஜ் ஃபீஸ், வலை, மகள் சடங்குச் செலவு, பழைய கடன், கண் ஆபரேஷன். வீட்டில் போட்டவர்கள் ஏழு பேர்: மூன்று பேர் கக்கூஸ், இரண்டு பேர் தரை பூச்சு, ஒருத்தர் கதவு. தளம் போட்டது இவர் மட்டும். மீதிப் பேர் என்ன செய்தார்கள் என்று கேட்டதற்கு, "அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு தம்பி" என்று நோட்டை மூடிவிட்டார். நியாயம்.

நான் கிளம்பும்போது மேகம் கட்டியிருந்தது. சமையல்கட்டு ஓலை ஒரு பக்கம் கறுத்துச் சரிந்திருந்தது. இந்த மழைக்கு முன்னாடி மாற்றிவிடலாமா, இல்லை தார்ப்பாய் போட்டு ஒட்டிவிட்டு, புதுச் சீட்டு கைக்கு வந்ததும் ஒரேயடியாக அதற்கும் தளம் போட்டுக்கொள்ளலாமா என்று அக்காவும் கணவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் மாற்றலாம் என்கிறார், இவர் தார்ப்பாய் என்கிறார். புதுச் சீட்டில் குலுக்கல் இன்னும் 11 மாதம் பாக்கி, அக்கா பெயர் இன்னும் விழவில்லை.

"நீங்க சொல்லுங்க தம்பி" என்றார் அண்ணன்.

எனக்கு ஓலை விலை தெரியவில்லை. தார்ப்பாய் என்ன விலை என்று விசாரித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தேன்.